மூட்டு வலி சார்ட் வந்தா எப்படி கோட் பண்றது: எந்த மூட்டு, எந்தப் பக்கம், எதனால

நான் பெங்களூர்ல மெடிக்கல் கோடிங் பண்றேன், அதாவது டாக்டரோட நோட்ட (சார்ட்) படிச்சு இன்ஷூரன்ஸ் க்ளெய்முக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் கோட் போடற வேலை. போன வாரம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த கிருஷ்ணகிரி தம்பி ஒருத்தன் மூஞ்சி தொங்கிப் போய் என் சீட்டுக்கு வந்தான். "அக்கா, என்கோடர்ல நீ பெயின்னு அடிச்சேன், மேல வந்தத போட்டேன், இதுக்குப் போய் ஆடிட்ல எரர் குடுத்திருக்காங்க"ன்னான். என்கோடர்ங்கறது கோட் தேடற சாஃப்ட்வேர், நீ பெயின்னா முழங்கால் வலி (knee pain), ஆடிட்னா போட்ட கோட திரும்ப சரிபாக்கறது. அவன் போட்டது எம்25.569 (M25.569), எந்தப் பக்கம்னு தெரியாத முழங்கால் வலி. சார்ட்ட தொறந்து பாத்தா டாக்டர் அசெஸ்மென்ட்ல, அதாவது முடிவு எழுதற எடத்துல, "நீ பெயின்"னு மட்டும் தான் எழுதியிருக்காரு, அது உண்மை, ஆனா அதே டாக்டர் கொஞ்சம் மேல எக்ஸாம்ல "ரைட் நீ, மீடியல் ஜாயின்ட் லைன் டெண்டர்னஸ்"னு எழுதியிருக்காரு, எக்ஸ்ரே ஆர்டரும் ரைட் நீக்கு தான் போயிருக்கு. ரெண்டு தடவ மேல ஸ்க்ரோல் பண்ணியிருந்தா எம்25.561 கையில கிடைச்சிருக்கும்.

இது அவனோட தப்பு மட்டும் இல்ல. பொம்மனஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, மான்யதா பக்கம்லாம் சேலம் தர்மபுரி வேலூர்ல இருந்து பிஎஸ்சி, பிபிடி (பிசியோதெரபி), பி.ஃபார்ம் முடிச்சுட்டு பிஜில தங்கி கோடிங் பண்றவங்க எத்தனையோ பேர் இருக்கோம், ட்ரெய்னிங்ல கோட் சொல்லிக் குடுக்கறாங்க, சார்ட்ட எப்படி படிக்கறதுன்னு யாரும் பொறுமையா உக்காந்து சொல்றதில்ல, டார்கெட் துரத்துது. நான் பிபிடி படிச்சுட்டு இதுக்கு வந்தவ, ஆர்த்தோ சார்ட் தான் எனக்கு சோறு போடுது, அதனால மூட்டு வலி பத்தி எனக்கு தெரிஞ்சத மொத்தமா இங்க எழுதிடறேன்.

மொதல்ல ஒண்ண தெளிவு பண்ணிக்கோங்க. நாம பண்றது அமெரிக்க சார்ட், அதுக்கு டயக்னோசிஸ் கோட் ஐசிடி-10-சிஎம், 2015 அக்டோபர் 1ல இருந்து அங்க இது தான். நம்மூர் ஹாஸ்பிடல்ல டிஸ்சார்ஜ் சம்மரில போடற ஐசிடி-10 உலக சுகாதார நிறுவனத்தோடது, பேர் ஒண்ணு மாதிரி இருந்தாலும் அதுல வலது இடதுன்னு பிரிக்க ஆறாவது இலக்கம் கிடையாது. கூகுள்ல தேடி எம்25.5னு மட்டும் எடுத்து அமெரிக்க க்ளெய்ம்ல போட்டா அது முழுசா இல்லாத கோட், அப்படியே திரும்பி வந்துடும்.

எம்25.5 கோட மனப்பாடம் பண்ணவே வேணாம், தோள்ல இருந்து கீழ எறங்கிட்டே வாங்க. அஞ்சாவது இலக்கம் 1 தோள், 2 முழங்கை, 3 மணிக்கட்டு, 4 கை மூட்டுங்க, 5 இடுப்பு, 6 முழங்கால், 7 கணுக்காலும் பாத மூட்டுங்களும். ஆறாவது இலக்கம் 1னா வலது, 2னா இடது, 9னா பக்கம் சொல்லல. அப்போ இடது தோள் வலி எம்25.512, வலது இடுப்பு மூட்டு வலி எம்25.551, இடது கணுக்கால் எம்25.572. இதே வரிசை தான் எம்25 குடும்பத்துல மத்த இடத்துலயும் ஓடுது, வலது முழங்கால்ல நீர் கோத்திருந்தா எம்25.461, வலது முழங்கால் விறைப்பு எம்25.661. ஒரு தடவ மண்டைல ஏறிடுச்சுன்னா என்கோடர் தப்பா காட்டினாலும் கண்ணு பிடிச்சுடும்.

ரெண்டு முழங்காலும் வலின்னா என்ன பண்றது? இங்க பைலேட்டரல் கோட் கிடையாது, எம்25.561, எம்25.562 ரெண்டையும் போடணும். அதே மாதிரி பல மூட்டு வலிக்குன்னு தனியா ஒரு கோடும் கிடையாது, டாக்டர் எந்தெந்த மூட்டுன்னு சொல்லியிருக்காரோ அத்தனையும் தனித்தனியா. மூட்டு பேரே சொல்லாம "ஜாயின்ட் பெயின்"னு மட்டும் இருந்து சார்ட் முழுக்க தேடியும் கிடைக்கலேன்னா தான் எம்25.50. பேர் சொல்லியிருக்காரு ஆனா மேல சொன்ன வரிசைல அந்த மூட்டு இல்லேன்னா எம்25.59, இது 2020 அக்டோபர்ல தான் வந்துச்சு, பழைய நோட்ஸ வச்சிருக்கறவங்களுக்கு தெரியாது.

அடுத்து நிறைய பேர் வழுக்கற எடம், வலி மூட்டுலயா இல்ல உறுப்புலயா. "ரைட் ஹேண்ட் பெயின்"னா அது மூட்டு வலி இல்ல, எம்79.641. விரல் வலி வலதுன்னா எம்79.644. "லெஃப்ட் ஃபுட் பெயின்" எம்79.672. கால் வலின்னு பொதுவா சொன்னா எம்79.604, 605. டாக்டர் ஜாயின்ட்னு சொன்னா தான் எம்25.5 பக்கம் போகணும். டேபுலர்ல (கோட் புக்ல எண் வரிசைப் பட்டியல்) எம்25.5 கீழ இதெல்லாம் எக்ஸ்க்ளூட்ஸ் 2ன்னு போட்டிருக்கு, அதாவது ரெண்டும் வேற வேற விஷயம், ஒரே பேஷண்டுக்கு ரெண்டும் இருந்து ரெண்டும் எழுதியிருந்தா ரெண்டையும் போடலாம். தாடை மூட்டு வலி இந்த வீட்டுலயே இல்ல, அது எம்26.62ல இருக்கு, அங்க 1 வலது 2 இடது 3 ரெண்டும். இண்டெக்ஸ்ல (அகர வரிசைப் பட்டியல்) தேடிட்டு டேபுலர தொறக்காம கோட் போடற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுடுங்க.

வலிய எப்போ போடலாம், எப்போ போடக் கூடாது

ஆடிட்ல நான் அதிகமா குறிக்கற எரர் இது தான். அசெஸ்மென்ட்ல "ப்ரைமரி ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், ரைட் நீ. ரைட் நீ பெயின்"னு ரெண்டு வரி இருக்கும், கோடர் ரெண்டையும் போட்டிருப்பாங்க. ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், அதாவது தேய்மானம்னு ஒண்ணு உறுதியாயிடுச்சுன்னா வலி அதோட கூடவே வர்றது, தனியா போடக் கூடாது. எம்17.11 மட்டும் போதும். இடதுன்னா எம்17.12, ரெண்டு பக்கமும்னா எம்17.0, இங்க பைலேட்டரல் இருக்கு கவனிச்சுக்கோங்க, வலதும் இடதும் தனித்தனியா போட்டா அதுவும் தப்பு. அடிபட்டு பல வருஷம் கழிச்சு வந்த தேய்மானம்னு டாக்டர் சொன்னா எம்17.2, எம்17.3 பக்கம் போகணும். இடுப்பு மூட்டுக்கு இதே கதை எம்16ல. ஆனா வலது முழங்கால் தேய்மானம், கூடவே இடது தோள் வலி காரணம் தெரியலேன்னு இருந்தா தோள் வலி அந்த தேய்மானத்துக்குள்ள வராது, எம்25.512 தனியா போகணும்.

இதுக்கு நேர் எதிர் தப்பும் பாக்கறேன். "ப்ராபபிள் மெனிஸ்கஸ் டேர், எம்ஆர்ஐ எடுத்து பாக்கலாம்"னு டாக்டர் எழுதியிருப்பாரு, அதாவது முழங்கால் குருத்தெலும்பு கிழிஞ்சிருக்கலாம்னு சந்தேகம், கோடர் கிழிஞ்சு போச்சுன்னே கோட் போட்டு அனுப்பியிருப்பாங்க. அவுட்பேஷண்ட் விசிட்ல ப்ராபபிள், சஸ்பெக்டட், ரூல் அவுட், கன்சிஸ்டன்ட் வித், வொர்க்கிங் டயக்னோசிஸ் இந்த மாதிரி வார்த்தை எது வந்தாலும் அந்த நோய போடக் கூடாது, அன்னைக்கு உறுதியா தெரிஞ்சது வலி தான்னா வலிய தான் போடணும். இன்பேஷண்ட் ஹாஸ்பிடல் சைடுல ரூல் வேற, டிஸ்சார்ஜ் வரைக்கும் அந்த சந்தேகம் அப்படியே நின்னா இருக்கறதாவே எடுத்து போடலாம். ரெண்டு ப்ராஜெக்ட்லயும் மாறி மாறி உக்காரறவங்க இதுல தான் குழம்பறாங்க. ஒரு மனுஷனுக்கு இல்லாத கிழிசல் அவர் ரெக்கார்டுல ஏறிடுச்சுன்னா அத அப்புறம் எடுக்கறது அவ்ளோ சுலபம் இல்ல, அவருக்கு அடுத்து பாக்கற டாக்டரும் அத தான் படிப்பாரு.

லேப் ரிப்போர்ட்ட பாத்து நீங்களே முடிவு பண்ணாதீங்க. ஆர்ஏ ஃபேக்டர் பாசிடிவ்னு இருக்கு, விரல் மூட்டுலாம் வீங்கியிருக்குன்னு எழுதியிருக்கு, எனக்கு பிபிடி படிச்ச அறிவுக்கு இது ரூமட்டாய்டுன்னு தெரியுது, ஆனா டாக்டர் சொல்லாத வரைக்கும் எம்05 பக்கம் கை போகக் கூடாது. யூரிக் ஆசிட் ஏறியிருந்தா கவுட்னு எம்10 போடறதும் இதே தப்பு. ரேடியாலஜி கோடிங் பண்றவங்களுக்கு மட்டும் ஒரு வித்தியாசம், அங்க ரேடியாலஜிஸ்ட் ஒரு டாக்டர், அவர் ஃபைனல் ரிப்போர்ட்ல தேய்மானம்னு உறுதியா சொல்லிட்டா அத போடலாம், எக்ஸ்ரேக்கு அனுப்பின வலிய கூட சேக்க வேணாம்.

அடிபட்டதுன்னா எம்ம விட்டு எஸ் பக்கம் போகணும். நேத்து படிக்கட்டுல கால் பெரண்டு கணுக்கால் சுளுக்கு, வலதுன்னா எஸ்93.401ஏ. முழங்கால் உள்ள இருக்கற ஏசிஎல்ங்கற தசைநார்ல அடி, வலதுன்னா எஸ்83.511ஏ. கடைசில ஒட்டியிருக்கற ஏ தான் எல்லாரையும் படுத்துது. அது முதல் விசிட்னு அர்த்தம் இல்ல, ஆக்டிவ் ட்ரீட்மென்ட் நடந்துட்டு இருக்குன்னு அர்த்தம். ஆறி வர்ற கட்டத்துல செக்கப்புக்கு வந்தா கடைசி எழுத்து டி (D). அந்த அடியோட பின்விளைவா இப்போ வலி வந்திருந்தா கடைசி எழுத்து எஸ் (S), அப்போ இப்ப இருக்கற பிரச்சினை முதல்ல, பழைய அடி எஸ்ஸோட அடுத்து. தோள்பட்டை ரொட்டேட்டர் கஃப்ல (தோள் மூட்ட சுத்தி இருக்கற தசைநாருங்க) இது இன்னும் முக்கியம், வயசுல தேஞ்சு கிழிஞ்சா எம்75.1, விழுந்து கிழிஞ்சா எஸ்46.01, ஹிஸ்டரில "நோ ட்ராமா"ங்கற ரெண்டு வார்த்தை இருக்கா இல்லையான்னு பாத்தே ஆகணும்.

வலிக்குன்னே தனியா இருக்கற ஜி89 கோட் பத்தி சுருக்கமா. டாக்டர் க்ரானிக்னோ அக்யூட்னோ சொல்லாம ஜி89 போடாதீங்க. க்ரானிக்னு சொல்லியிருந்தா, வந்ததே வலிய கட்டுப்படுத்த தான்னா ஜி89.29 முதல்ல, எம்25.561 அடுத்து. மத்த நேரத்துல மூட்டு முதல்ல.

முழங்கால் மூட்டு மாத்தினவங்க (டிகேஆர்) திரும்பி வலின்னு வந்தா இன்னும் உஷார். டாக்டர் "டிகேஆர் பண்ணியிருக்கு, ரைட் நீ வலி, காரணம் பாக்கணும்"னு மட்டும் எழுதினா எம்25.561, கூட இசட்96.651. அந்த வலி இம்ப்ளான்ட்டால தான்னு அவர் எழுதியிருந்தா டி84.84எக்ஸ்ஏ (T84.84XA). வலது முழங்கால் இம்ப்ளான்ட் லூஸ் ஆயிடுச்சுன்னா டி84.032ஏ (T84.032A). சர்ஜரிக்கு அப்புறம் வந்துச்சுங்கறதால அது காம்ப்ளிகேஷன் ஆயிடாது, ரெண்டுக்கும் உள்ள தொடர்ப டாக்டர் சொல்லணும், நாம ஊகிக்கக் கூடாது.

பக்கம் மாறினா என்ன ஆகும்னு நான் நேர்ல பாத்தது

ரெண்டு வருஷம் முன்னாடி அம்மாவ சேலத்துல இருந்து கூட்டிட்டு வந்து பெங்களூர்லயே ஒரு ஹாஸ்பிடல்ல வலது முழங்கால் மாத்தினோம், கேஷ்லெஸ் இன்ஷூரன்ஸ். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, நாலாம் நாள் காலைல வீட்டுக்கு போலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. சாயந்தரம் வரைக்கும் பில்லிங் கவுண்டர் முன்னாடி உக்காந்திருந்தோம். டிபிஏல (இன்ஷூரன்ஸ் க்ளெய்ம பாக்கற கம்பெனி) இருந்து குவெரி வந்திருக்குன்னாங்க. என்னன்னு கேட்டு பேப்பர வாங்கி பாத்தா, ப்ரீ ஆத் (முன் அனுமதி) ஃபார்ம்ல ரைட், ஆபரேஷன் நோட்ஸ்ல ரைட், டிஸ்சார்ஜ் சம்மரில மட்டும் லெஃப்ட் டிகேஆர்னு டைப் ஆகியிருக்கு. அம்மா வீல் சேர்ல உக்காந்திருக்காங்க, நைட்டிக்கு கீழ கட்டு, அதுக்கு மேல வலது தொடைல ஆபரேஷனுக்கு முன்னாடி மார்க்கர்ல போட்ட அம்புக்குறி பாதி அழிஞ்சும் அழியாம தெரியுது. "நான் தான் வலது காலுனு சொல்றேன்ல, வந்து பாத்துக்க சொல்லு"ன்னு அம்மா சொல்றாங்க. அது யாரும் பாக்க மாட்டாங்க, பேப்பர தான் பாப்பாங்க. சர்ஜன் அடுத்த கேஸ் முடிச்சு வெளிய வந்து திருத்தின சம்மரில கையெழுத்து போட்டு, அது டிபிஏக்கு போயி, அப்ரூவல் வர்றப்ப ராத்திரி ஒம்பதே கால். அன்னைல இருந்து பக்கம் மாறின சார்ட்ட என்னால லேசா விட முடியறதில்ல.

சரி, நம்ம சார்ட்ல பக்கம் இல்லேன்னா எங்கெல்லாம் தேடலாம்? டாக்டரோட நோட் முழுக்க தேடலாம், அவர் எங்கயும் சொல்லலேன்னா நர்ஸ் மாதிரி மத்த க்ளினிஷியன் எழுதினதுல இருந்தும் பக்கத்த மட்டும் எடுத்துக்கலாம், ஐசிடி-10-சிஎம் கைட்லைன்லயே இதுக்கு அனுமதி இருக்கு. ஒரு எடத்துல ரைட் இன்னொரு எடத்துல லெஃப்ட்னு முட்டிச்சுன்னா மட்டும் நீங்க தீர்ப்பு சொல்லாதீங்க, டாக்டருக்கு குவெரி போடுங்க. பக்கம் சொல்லாத, 9ல முடியற கோட் அபூர்வமா தான் வரணும்னு கைட்லைன் சொல்லுது, ஒரு நாள்ல பத்து தடவ அத போட்டிருந்தா உங்க வேலைய நீங்களே ஒரு தடவ திருப்பி பாருங்க.

குவெரி எழுதறதுலயும் ஒரு நாகரீகம் இருக்கு. "ரைட் நீ ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ்னு டாக்குமெண்ட் பண்ணவும்"னு எழுதினா அது பதில டாக்டர் வாய்ல ஊட்டறது, அது கூடாது. "எக்ஸாம்ல க்ரெபிடஸ், எக்ஸ்ரேல மீடியல் ஜாயின்ட் ஸ்பேஸ் குறைஞ்சிருக்குன்னு இருக்கு, அசெஸ்மென்ட்ல நீ பெயின்னு இருக்கு, வலிக்கு காரணம் ஏதாவது உறுதியாகியிருந்தா தெளிவு பண்ண முடியுமா"ன்னு சார்ட்ல இருக்கறத வச்சுட்டு கேக்கணும். ஆப்ஷன் குடுத்தா "வேற ஏதாவது", "இப்போ சொல்ல முடியாது" ரெண்டும் இருக்கணும். க்ளெய்ம்ல எவ்ளோ பணம் கூடும்ங்கறத குவெரில தொடவே கூடாது.

ஊசி போட்ட விசிட்

ஆர்த்தோல பாதி நாள் இது தான். இங்க நோய் கோட் கூட, செஞ்ச சிகிச்சைக்கு தனியா சிபிடி கோடும் போகணும். தோள், இடுப்பு, முழங்கால் மாதிரி பெரிய மூட்டுல ஊசி போட்டாலோ நீர் எடுத்தாலோ 20610, அல்ட்ராசவுண்ட் வச்சு பண்ணா 20611. மணிக்கட்டு, முழங்கை, கணுக்கால் 20605. விரல் மூட்டு 20600. 20611 போடணும்னா அல்ட்ராசவுண்ட் படம் சேவ் ஆகியிருக்கணும், ரிப்போர்ட்டும் இருக்கணும், "அண்டர் அல்ட்ராசவுண்ட் கைடன்ஸ்"ங்கற ஒரு வரிய நம்பி போடாதீங்க. பக்கத்துக்கு மாடிஃபையர் (கோடுக்கு பின்னால ஒட்டற குறி) ஆர்டி வலது, எல்டி இடது, ரெண்டு முழங்காலும்னா 50. டயக்னோசிஸ் கோட்ல வலது, மாடிஃபையர்ல எல்டின்னு போச்சுன்னா டினையல் நிச்சயம், இத நான் எத்தன தடவ பாத்திருக்கேன்னு கணக்கே இல்ல.

மருந்து யூனிட்ல கவனம். ட்ரையம்சினோலோன் அசிட்டோனைட்ங்கற ஸ்டீராய்டு ஊசிக்கு ஜே3301, ஒரு யூனிட் 10 மில்லிகிராம், டாக்டர் 40 மில்லிகிராம் போட்டா 4 யூனிட். 1னு போட்டு விட்டா க்ளினிக்குக்கு நஷ்டம், 40னு போட்டா அது பெரிய பிரச்சினை. மெடிகேர் (அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸ்) பேஷண்ட், சிங்கிள் டோஸ் வயல்னா (ஒரு தடவைக்கான மருந்து புட்டி) மிச்சம் கொட்டினதுக்கு ஜேடபிள்யூ மாடிஃபையர், ஒண்ணும் கொட்டலேன்னா ஜேஇசட், இந்த ஜேஇசட் 2023 ஜூலை 1ல இருந்து கட்டாயம்.

அப்புறம் மாடிஃபையர் 25, ஊசி போட்ட அதே நாள்ல தனியா ஒரு விசிட்டும் நடந்துச்சுன்னு காட்டறது. பேஷண்ட் வந்தாரு, "ரெண்டாவது ஊசி போட வந்திருக்காரு"ன்னு ஹிஸ்டரில இருக்கு, ஊசி போட்டாங்க, போயிட்டாரு. இதுல தனியா 99213ங்கற விசிட் கோட் கிடையாது, ஊசி போடலாமான்னு பாக்கறதும் அந்த 20610க்குள்ளயே அடங்கிடுச்சு. அதே பேஷண்ட் வந்து புதுசா தோள் வலியும் சொல்லி, டாக்டர் அதையும் எக்ஸாம் பண்ணி, எக்ஸ்ரே எழுதி, பிசியோக்கு அனுப்பி, கூடவே முழங்கால்ல ஊசியும் போட்டிருந்தா அங்க 25 நியாயம். நான் பண்றது என்னன்னா, ஊசி சம்பந்தப்பட்ட வரி எல்லாத்தையும் மனசுல அழிச்சுட்டு மிச்சம் ஒரு முழு விசிட் நிக்குதான்னு பாப்பேன். நின்னா போடுவேன்.

ஸ்க்ரைப் வேலைல இருக்கறவங்க, க்ளினிக்ல டாக்டர் கூட உக்காந்து நோட் அடிக்கறவங்க இத படிச்சீங்கன்னா, உங்க கையில தான் எல்லாமே ஆரம்பிக்குது. எந்த மூட்டு, எந்தப் பக்கம், எப்போ இருந்து, அடிபட்டுச்சா இல்லையா, காலைல எந்திரிச்சா எவ்ளோ நேரம் விறைப்பா இருக்கு, வீக்கம் உண்டா, எத்தன டிகிரி மடங்குது, எக்ஸ்ரேல கெல்க்ரென் லாரன்ஸ் கிரேட் (தேய்மான அளவு) என்ன, இதுவரைக்கும் மாத்திரை பிசியோ எத்தன வாரம் பாத்தாச்சு. கடைசில சொன்ன அந்த வாரக் கணக்கு இல்லாம தான் எம்ஆர்ஐ, சர்ஜரி அப்ரூவல்லாம் தொங்குது. ஊசி போட்டா மூட்டு, பக்கம், மருந்து பேர், மில்லிகிராம், வயல் சைஸ், கொட்டினது எவ்ளோ, நீர் எடுத்திருந்தா எத்தன மில்லி. பழைய விசிட் நோட்ட காப்பி பேஸ்ட் பண்றப்ப வலதா இடதாங்கறத ஒரு தடவ வாய் விட்டு படிச்சுடுங்க, பாதி ரைட் லெஃப்ட் குழப்பம் அங்க இருந்து தான் பொறக்குது.

கடைசியா, ஐசிடி-10-சிஎம் புக் வருஷா வருஷம் அக்டோபர் 1ல மாறும், ஏப்ரல் 1லயும் கொஞ்சம் மாறலாம். நீங்க உக்காந்து கோட் பண்ற தேதிக்கு இங்க வேலை இல்ல, அவுட்பேஷண்ட்ல பேஷண்ட் டாக்டர பாத்த தேதி எந்த வருஷ புக்குக்குள்ள வருதோ அத தான் எடுக்கணும். எம்54.5னு முதுகு வலிக்கு ஒரு கோட் இருந்துச்சு, 2021 அக்டோபர் 1ல அது எம்54.50, 51, 59னு பிரிஞ்சு போச்சு, அந்த மாசம் செப்டம்பர் சார்ட்டும் அக்டோபர் சார்ட்டும் ஒரே க்யூல கலந்து வந்து எங்க ஃப்ளோர்ல நாங்க பட்ட பாடு கொஞ்சம் இல்ல. அதனால சார்ட் தொறந்தா நான் வலி எங்கன்னு பாக்கறதுக்கு முன்னாடியே விசிட் தேதிய பாத்துடுவேன்.